விசாரணை அறையும் வைத்திய அறையும்: உளப்பகுப்பாய்வின் தகுதி பற்றிச் சில குறிப்புகள்

1

எமது சஞ்சிகைகளில் பிராய்டின் பெயர் புதிதல்ல. ஒரு நாவலை விமர்சிப்பதற்கும், ஆணாதிக்கத்தின் வேர்களைத் தேடுவதற்கும், தலைமை வழிபாட்டை விளக்குவதற்கும் நாம் அவரை அழைத்து வந்திருக்கிறோம். 'நனவிலி', 'ஒடுக்கப்பட்ட விருப்பு', 'தந்தைப் பிம்பம்' போன்ற சொற்கள் எம்மில் பலருக்குக் கைவந்தவை. ஆனால் உளப்பகுப்பாய்வு எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு வைத்தியமுறை. நித்திரை வராத ஒருவர், காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருக்கும் ஒருவர், இன்னொருவருடன் கதைப்பதால் சுகமடைகிறாரா? அங்கிருந்து தொடங்கியதுதான் அது. இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. எழுத்துக்கு உதவினால் போதும், ஆளுக்கு உதவுகிறதா என்பது எமது அலுவலல்ல என்பதுபோல நடந்து வந்திருக்கிறோம்.

எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது வாசிப்பினால் அல்ல, தொழிலினால். மொன்றியலுக்கு வந்த காலந்தொட்டு நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்து வருகிறேன். முதலில் அகதி விண்ணப்பங்கள், அதாவது எம்மவர் பாஷையில் 'கேஸ்' எழுதுவது. பிறகு குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைகள். அதற்கும் பிறகுதான் உளச்சிகிச்சை அறைகள்.

கேஸ் எழுதும்போது கற்ற முதற்பாடம், கதையில் முரண்பாடு வரக்கூடாது என்பது. திகதி மாறினால், ஊர்ப்பெயர் மாறினால், முகாமில் இருந்த நாட்களின் எண்ணிக்கை மாறினால், சொல்பவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும். இந்தப் பழக்கத்தை நான் வைத்திய அறைக்குள்ளும் கொண்டு போனேன். அங்கே வந்த ஒரு தாயின் மகன் 1990இல் பிடித்துச் செல்லப்பட்டவன், திரும்பி வரவில்லை. (ஆளை இனங்காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) "தம்பி, அவனைக் கொண்டுபோன அண்டைக்கு நல்ல மழை" என்று முதல்நாள் சொன்னவர், மூன்றாவது சந்திப்பில், "வெய்யில் எண்டா அப்பிடி ஒரு வெய்யில், நிலம் சுட்டது" என்றார். நான் பிரெஞ்சில் மழை என்றே சொன்னேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு உதவுவதாகவே நினைத்தேன்.

சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அம்மா நிலத்தைத் தொட்டுக் கையை உதறியதை அவர் பார்த்திருந்தார். சந்திப்பு முடிந்தபின் என்னை மறித்துக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "அவர் பிழையாகச் சொன்னால், பிழையாகவே எனக்குத் தாருங்கள்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. உளப்பகுப்பாய்வு என்றால் என்ன என்பதைப் பல வருட வாசிப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கிக்கொண்டேன்.

2

அந்த அறையில் நடப்பது என்ன? இரண்டு வடிவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, செவ்வியல் உளப்பகுப்பாய்வு. கிழமைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 45 அல்லது 50 நிமிடம், சாய்வுக்கட்டிலில் படுத்திருந்து கதைப்பது. ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாமல் தலைமாட்டில் அமர்ந்திருப்பார். இது வருடக்கணக்கில் நீளும். இரண்டாவது, அதிலிருந்து பிறந்த உளஇயக்கவியல் சிகிச்சை. கிழமைக்கு ஒரு தடவை, இருவரும் கதிரையில் முகம் பார்த்து இருந்து, சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ செய்வது. இன்று ஆஸ்பத்திரிகளிலும் சமூக நிலையங்களிலும் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதே. கீழே நான் தரும் ஆய்வுப் பெறுபேறுகளும் பெரும்பாலும் இதைப் பற்றியவையே.

இரண்டிலும் அடிப்படை விதி ஒன்றுதான்: மனதில் வருவதை, ஒழுங்குபடுத்தாமல், வெட்கப்படாமல், முக்கியமற்றது என்று தள்ளாமல் சொல்வது. இது இலகுவாகத் தோன்றும். செய்து பார்த்தால் ஒருவராலும் முடியாது. பேச்சு ஓரிடத்தில் நிற்கும், விடயம் மாறும், சந்திப்பு நாள் மறந்துபோகும். இந்தத் தடங்கலைப் பிராய்ட் 'எதிர்ப்பு' என்றார். அடுத்தது 'உணர்வுப்பெயர்ச்சி': தன் வாழ்வில் முக்கியமானவர்களுடன் பழகிய விதத்தையே ஒருவர் தன்னையறியாமல் சிகிச்சையாளருடனும் பழகுவது. அந்தத் தாய் ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் பத்திரங்களைக் கொண்டு வருவார். மகனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், செஞ்சிலுவைச் சங்கத்துக் கடிதம், பள்ளிக்கூட அடையாள அட்டை. யாரும் கேட்கவில்லை. அவற்றை மேசையில் அடுக்கிவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். எதிரே இருந்தவர் அவருக்கு வைத்தியர் அல்ல. முகாம் வாசலில் இருந்த அதிகாரியும், விசாரணைச் சபை உறுப்பினருந்தான் அந்தக் கதிரையில் இருந்தார்கள். சிகிச்சையாளர் அந்தப் பத்திரங்களைத் தள்ளவுமில்லை, வாசிக்கவுமில்லை. இந்த அறையில் யார் யாராக இருக்கிறார்கள் என்பதை மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் அவர் செய்த வேலை. 'விளக்கமளித்தல்' என்பது அதைத்தான்.

பல மாதங்களுக்குப் பிறகு மழையும் வெய்யிலும் தாமாகவே பிரிந்தன. மகனைக் கொண்டுபோன நாள் மழை. முகாம் வாசலில் காலைமுதல் நின்று, "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை" என்ற பதிலோடு திரும்பிய நாள் வெய்யில். இரண்டு நாட்களும் அவருக்குள் ஒரே நாளாக ஒட்டிக் கிடந்தன. அதன்பிறகு அவருக்கு நித்திரை ஓரளவு வந்தது.

இது நல்ல கதை. ஆனால் இது எதையும் நிரூபிக்கிறதா? இல்லை. காலம் அவரைத் தேற்றியிருக்கலாம். மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் மகளும் வந்து சேர்ந்தாள். இந்த எச்சரிக்கையை நான் வலிந்து சொல்வதற்குக் காரணமிருக்கிறது. உளப்பகுப்பாய்வு தொடங்கியதே இப்படியான ஒரு நல்ல கதையில்தான். அந்தக் கதையை உடைத்தவர் எமது மொன்றியலில் இருந்தவர்.

3

1880க்கும் 1882க்கும் இடையில் வியன்னாவில் ஜோசப் புறோயர் என்ற வைத்தியர் ஒரு இளம் பெண்ணுக்குச் சிகிச்சையளித்தார். 'அன்னா ஓ' என்ற புனைபெயரில் அறியப்பட்ட அவரின் உண்மைப் பெயர் பேர்த்தா பப்பன்ஹைம். தந்தையின் நோய்ப்படுக்கையருகே இருந்து பராமரித்தவருக்கு உடல் விறைப்பு, பார்வைக் குழப்பம் எனப் பல கோளாறுகள் வந்தன. ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜேர்மன் அவரைவிட்டுப் போய், ஆங்கிலம் மட்டுமே மிஞ்சியது. புறோயருடன் கதைப்பதால் வந்த ஆறுதலுக்குப் 'பேச்சுச் சிகிச்சை' என்று பெயரிட்டவர் வைத்தியரல்ல, நோயாளியான அவர்தான், அதுவும் அந்த அந்நிய மொழியில். 1895இல் புறோயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூல், அவர் முழுச் சுகமடைந்தவர் என்ற எண்ணத்தையே வாசகருக்குத் தந்தது.

ஹென்றி எலன்பேர்கர் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியராக இருந்தவர். நனவிலி என்ற கருத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய அவரது பெருநூல் 1970இல் வெளிவந்தது. பேர்த்தா குதிரைச் சவாரி உடையில் நிற்கும் 1882ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று அவரிடம் கிடைத்தது. பெரும் நோயாளியாக இருந்திருக்க வேண்டிய ஆண்டில் இந்தக் கோலம் ஏன்? படத்திலிருந்த மங்கிய முத்திரையை மொன்றியல் நகரக் காவற்றுறையின் ஆய்வுகூடத்தில் விசேட ஒளியில் பார்த்தபோது, கொன்ஸ்ரான்ஸ் என்ற ஊரின் பெயர் தெரிந்தது. அதற்கு அருகேயுள்ள சுவிற்சர்லாந்தின் குறொய்ஸ்லிங்கனில் பெல்வியூ என்ற மனநோய் விடுதி இருந்தது. அங்கே தேடியபோது, புறோயரே எழுதிய நோய்க்குறிப்பு கிடைத்தது. 'குணமான' பேர்த்தா 1882இல் அந்த விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்தார். மோர்பின் பழக்கம் வேறு சேர்ந்திருந்தது. எலன்பேர்கர் இதை 1972இல் வெளியிட்டார்.

பேர்த்தா பின்னாளில் தேறினார். 1904இல் ஜேர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடக்கி, பெண்கள் கடத்தப்படுவதற்கு எதிராகப் போராடினார். அது பேச்சுச் சிகிச்சையால் வந்ததா, அவரது சொந்த உறுதியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒற்றை நோயாளியின் கதையின் எல்லை அது. பிராய்ட் கட்டியெழுப்பிய கோட்பாட்டின் பெரும்பகுதி இத்தகைய ஒற்றைக் கதைகளின் மேல்தான் நிற்கிறது.

4

கோட்பாட்டின் விஞ்ஞானத் தகுதி பற்றிய விவாதத்தில் எம்மவர் அறிந்த பெயர் கார்ல் பொப்பர். ஒரு கூற்று விஞ்ஞானமாக இருக்கவேண்டுமெனில், எது நடந்தால் அது பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவரது அளவுகோல். குழந்தையை நீரில் தள்ளுபவனையும், அதே குழந்தையைக் காப்பாற்ற உயிரைக் கொடுப்பவனையும் ஒரே இலகுவோடு விளக்கிவிடும் கோட்பாடு எதையும் விளக்கவில்லை என்றார். இதே குற்றச்சாட்டை அவர் மார்க்சிய வரலாற்றுக் கோட்பாட்டின் மீதும் வைத்தபடியால், எம்மில் பலர் பொப்பரை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டோம். அது சரியான விவாதமுறையல்ல.

பொப்பருக்கு வலுவான மறுப்பு, பிராய்டின் அன்பர்களிடமிருந்து அல்ல, இன்னொரு கடுமையான விமர்சகரிடமிருந்து வந்தது. அடொல்ப் குறூன்பாம் 1984இல் வெளியிட்ட நூலில், பிராய்டின் கருத்துகள் பொய்ப்பிக்கப்படக் கூடியவையே என்றார். பிராய்டே சாட்சியங்களைக் கண்டு தன் கருத்தை மாற்றியிருக்கிறார். எல்லா ஹிஸ்டீரியாவுக்கும் குழந்தைப் பருவப் பாலியல் வன்முறையே காரணம் என்ற தன் கருத்தை 1897இல் கைவிட்டது அதற்கு உதாரணம். (அந்த மாற்றத்தால், உண்மையாகவே வன்முறைக்குள்ளான பெண்களின் வாக்குமூலம் கற்பனையாக்கப்பட்டது என்ற பெண்ணியவாதிகளின் விமர்சனம் தனியே பேசப்படவேண்டியது.) குறூன்பாமின் குற்றச்சாட்டு வேறு: சிகிச்சை அறைக்குள் கிடைக்கும் சான்றுகள் தூய்மையானவை அல்ல. நோயாளி வைத்தியரின் எதிர்பார்ப்பை உணர்ந்து, அவருக்கு ஏற்ற நினைவுகளையும் கனவுகளையும் கொண்டு வருகிறார். எனவே அவரது ஒப்புதலைக் கோட்பாட்டின் நிரூபணமாக எடுக்க முடியாது.

இதை வாசித்தபோது எனக்கு எமது 'ஓம்' நினைவுக்கு வந்தது. சிகிச்சையாளர் ஏதோ சொல்வார், நான் மொழிபெயர்ப்பேன், எம்மவர் "ஓம் டொக்டர்" என்பார். அந்த 'ஓம்' விளங்கியது என்பதாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம், கெதியாக முடியுங்கோ என்பதாகவும் இருக்கலாம். படித்த, வெள்ளைத்தோல், கதிரையில் இருக்கிற ஒருவருக்கு முன்னால் 'இல்லை' சொல்லி எமக்குப் பழக்கமில்லை. குறூன்பாம் தர்க்கத்தால் காட்டியதை எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அனுபவத்தால் சொல்வார். ஆக, ஒடிப்பசுச் சிக்கல் உலகப் பொதுவானது, கனவு எப்போதும் விருப்பின் நிறைவேற்றமே என்பது போன்ற பெருங்கூற்றுகளை நிறுவப்பட்ட விஞ்ஞானமாக நாம் கையாள முடியாது. எமது விமர்சனக் கட்டுரைகள் இதைக் கவனத்தில் எடுக்கவேண்டும்.

5

ஆனால் கோட்பாடு உண்மையா என்பது ஒரு கேள்வி, சிகிச்சை பயனுள்ளதா என்பது இன்னொரு கேள்வி. தவறான விளக்கத்தோடு ஒரு நல்ல மருந்து இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை காண, ஆட்களை எண்ணவேண்டும்.

1952இல் லண்டனில் ஹான்ஸ் ஐசெங் முதற் கல்லை எறிந்தார். பழைய அறிக்கைகளைத் தொகுத்து, உளப்பகுப்பாய்வு பெற்றோரில் 44 சதவீதமும், பலமுறைகள் கலந்த சிகிச்சை பெற்றோரில் 64 சதவீதமும், முறையான உளச்சிகிச்சை பெறாதோரில் 72 சதவீதமும் தேறினர் என்றார். ஆனால் இவை ஒப்பிடக்கூடிய குழுக்களல்ல. சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்களை அவர் தோல்விகளாகக் கணக்கிட்டிருந்தார். அவர்களை விலக்கினால் 44 என்பது ஏறத்தாழ 66 ஆகிறது. இருந்தும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதுவே இத்துறையை, நோயாளிகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் பரிசோதனைகளை நோக்கித் தள்ளியது.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். லண்டன் ரவிஸ்ரொக் நிலையத்தின் ஆய்வு 2015இல் வெளிவந்தது. குறைந்தது இரண்டு சிகிச்சைகள் பலனளிக்காத, நாட்பட்ட மனச்சோர்வுள்ள 129 பேர் அதில் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு வழமையான சிகிச்சையோடு 18 மாதங்களில் 60 உளப்பகுப்பாய்வுச் சந்திப்புகள், மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை மட்டும். சிகிச்சை முடிந்தபோது இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருக்கவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் சிகிச்சை முடிந்து இரண்டு வருடங்கள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். 42ஆம் மாதத்தில் முதற்குழுவில் 30 சதவீதத்தினரும், மற்றக் குழுவில் 4.4 சதவீதத்தினரும் பகுதியளவிலேனும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். முழுமையாக மீண்டோர் முதற்குழுவிலும் 14.9 சதவீதமே. அற்புதமில்லை, ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்லமுடியாது.

2023இல் பல்க் லைக்சன்றிங் குழுவினர், அப்போதைய அண்மைய ஆய்வுத் தொகுப்புகளைப் பரிசீலித்து, மனச்சோர்வு, பதகளிப்பு, ஆளுமைக் கோளாறுகள், உடல்வழி வெளிப்படும் மனத்துயர் ஆகியவற்றுக்கு உளஇயக்கவியல் சிகிச்சை பயன்தருகிறது என்றும், அறிகை நடத்தைச் சிகிச்சை போன்ற ஏனைய சிகிச்சைகளிலிருந்து பெரிய வேறுபாடில்லை என்றும் முடிவு கூறினர். முதன்மை ஆசிரியர் இச்சிகிச்சை மரபைச் சேர்ந்தவர் என்பதையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எமக்கு முக்கியமானது, இந்தப் பட்டியலில் போர்வடு வலுவான இடம் பெறவில்லை என்பதுதான். சித்திரவதை, குண்டுவீச்சு போன்ற அனுபவங்களின் பின் திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுகளுக்கும் திடுக்கிடல்களுக்கும், பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் வடுவை நேரடியாக எடுத்துக்கொள்ளும் அறிகை நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவோடு நினைவை மீட்கும் முறையையுமே பரிந்துரைத்தன. எமது மண்ணிலேயே ஒரு சிறு பரிசோதனை நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளை எழுமாற்றாகப் பிரித்து, உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களைக் கொண்டு ஆறு சந்திப்புகள் நடத்தினர். ஒரு சாரார் தம் வாழ்க்கைக் கதையை வரிசைப்படி சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதங்களின் பின் முதலாவது குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தனர். இத்தனை சிறிய தொகையில் இந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதல்ல. யாழ்ப்பாணத்தில் போருக்குள்ளிருந்தே வைத்தியம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மந்திரம் சொல்லுதல், சாந்தியாசனம் போன்ற எமது சொந்தப் பழக்கங்களைச் சிகிச்சையோடு சேர்க்க வேண்டும் என்றே வற்புறுத்தி வந்தார்.

ஆகவே 'உளப்பகுப்பாய்வுதான் ஆழமானது, மற்றவை மேலோட்டமானவை' என்று எம்மிடையே நிலவும் மேட்டிமைக்கு ஆதாரமில்லை. கொடுங்கனவால் நித்திரை கெட்டவரை முதலில் அனுப்பவேண்டிய இடம் சாய்வுக்கட்டில் அல்ல.

6

இனி, 'இது வெள்ளைக்காரனின் வசதியான பொழுதுபோக்கு, அகதிக்கு எதற்கு?' என்ற கேள்வி. வரலாறு இதற்கு நேர்மாறானது. பிராய்ட் 1938 ஜூனில் நாசிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தவர். வியன்னாவில் விடப்பட்ட அவரது நான்கு சகோதரிகளும் நாசிகளின் கைகளில் மாண்டனர். 1920இல் பேர்லினில் ஏழைகளுக்கு இலவச உளப்பகுப்பாய்வு நிலையம் திறக்கப்பட்டது. மொன்றியலில் இத்துறையை 1940களின் நடுப்பகுதியில் ஒரு வாசிப்பு வட்டமாகத் தொடக்கிய மிகேல் பிறாடோஸ், ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற குடியரசுத் தரப்பிலிருந்து வந்த அகதி. 1955இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் பண்பாடுகளுக்கிடையிலான உளமருத்துவப் பிரிவை ஒரு மானிடவியலாளருடன் சேர்ந்து நிறுவிய எரிக் விற்கோவர், ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு ஓடிய உளப்பகுப்பாய்வாளர். 1982இல் கியூபெக் நகரில் உளச்சிதைவுக்குள்ளான இளைஞர்களுக்கென '388' என்ற நிலையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லி அப்பொலோன் ஹெயிற்றியில் பிறந்தவர். எமது ஆட்கள் செறிந்து வாழ்ந்த கோட் டே நேஜ் பகுதியிலுள்ள யூதப் பொது மருத்துவமனையில், 1999இல் லோறன்ஸ் கிர்மேயர் தொடக்கிய பண்பாட்டு ஆலோசனைச் சேவை, மொழிபெயர்ப்பாளரையும் பண்பாட்டு இடையாளரையும் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அகதிகளால் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்குள் நுழைய அகதி தயங்கத் தேவையில்லை.

நடைமுறைத் தடைகள் வேறு. தனியார் உளவியலாளரின் கட்டணத்தைக் கியூபெக் மருத்துவக் காப்புறுதி கொடுப்பதில்லை. 2009இல் நிறைவேறி 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உளச்சிகிச்சை செய்ய வைத்தியர்கள், உளவியலாளர்கள், அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் ஆகியோருக்கே உரிமையுண்டு. (21ஆம் இலக்கச் சட்டமூலம் என்றதும் 2019இன் மதச்சார்பின்மைச் சட்டம் நினைவுக்கு வரலாம். இது வேறு.) உளஇயக்கவியல் முறை அங்கீகரிக்கப்பட்ட நான்கு கோட்பாட்டு முறைகளில் ஒன்று. ஆனால் 'உளப்பகுப்பாய்வாளர்' என்ற பெயரைச் சட்டம் எவருக்கும் ஒதுக்கவில்லை. எனவே போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பாராமல் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை நான்தான், அதாவது மொழிபெயர்ப்பாளன். சின்னச் சமூகம் எமது. 'இவர் எந்த ஊர், எந்த இயக்கத்தோடு இருந்தவர், வெளியில் போய் என்ன கதைப்பார்' என்ற கேள்விகள் ஒவ்வொரு முதற் சந்திப்பிலும் என் முகத்தில் வந்து விழுந்திருக்கின்றன. இயக்கங்களுக்குள் நடந்ததை, உட்கொலைகளை, தான் செய்ததை, தனக்குச் செய்யப்பட்டதைச் சொல்ல வந்தவர்கள் என்னைக் கண்டதும் 'தலையிடி' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோயிருக்கிறார்கள். ரொறன்ரோத் தமிழரிடையே மோட்டன் பைசர் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றிலொரு பங்கினர் வடுவூட்டும் அனுபவங்களைச் சந்தித்திருந்தனர். 12 சதவீதத்தினருக்கு வடுவின் பின்னான நெருக்கீட்டுக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் மிகச் சிலரே. வெட்கம்தான் காரணம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பயமும் காரணம் என்பதை இந்தப் பக்கங்களிலாவது எழுதவேண்டும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் வெள்ளையர்களல்ல.

7

பண்பாட்டு ரீதியான மறுப்பும் உண்டு: எமக்குக் கோயில் இருக்கிறது, சாமி இருக்கிறது, இது எதற்கு? கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, பிராய்டுக்குக் கடிதம் எழுதி அவரோடு முரண்பட்டார். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர (1930-2025) கதிர்காமத்தில் சடாமுடி வளர்த்த பெண்களுடன் கதைத்து, தனிமனிதத் துயரம் சடங்கின் வழியாகப் பொதுமொழியாவதைப் 'பண்பாட்டின் வேலை' என்றார். அந்தக் கருத்தின் வழியில் மட்டக்களப்பை ஆராய்ந்த பற்றீசியா லோறன்ஸ், யுத்த காலத்தில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்லும் பெண்களிடம், காணாமற்போனவர்களின் தாய்மார் வந்து நின்றதைப் பதிவு செய்தார். உடலில்லாமல் செத்தவீடு இல்லை, எட்டுமில்லை, அந்தியேட்டியுமில்லை. துக்கம் தொடங்கவே முடியாத நிலையில், வாக்குச் சொல்பவர் அந்தத் துக்கத்துக்கு ஒரு குரல் கொடுத்தார்.

மொன்றியலில் அந்த வாசலில்லை. இங்கே எம்மவர் தம் கதையைச் சொல்லக் கிடைத்த முதலாவது, பலருக்கு ஒரேயொரு இடம், விசாரணை அறை. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லி, பின்னர் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது தெரியவந்தபோது, பயத்தில் சொன்ன அந்தப் பொய் எமது முழுச் சமூகத்தின் மீதும் ஒட்டப்பட்டது. அன்றுதொட்டு, முரண்பாடில்லாத கதை எமக்கு உயிர்ப்பிரச்சினை. செசில் ரூசோ முதலானோர் கனடிய அகதிகள் சபையின் சிக்கலான தீர்ப்புகளை ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை, வடுவுற்றவரின் சாட்சியத்தைக் கையாள்வதில் உறுப்பினர்கள் பட்ட இடர்ப்பாட்டையும், அதனால் கேட்பவரிடம் தோன்றும் தவிர்ப்பையும் அவநம்பிக்கையையும் காட்டியது. நாம் சபைக்காகத் திருத்திய கதையையே பிறகு பிள்ளைகளுக்கும் சொன்னோம், நினைவுதினங்களிலும் சொன்னோம், கடைசியில் எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அந்தக் கதையில் மழை மட்டுமே இருக்கும், வெய்யில் இருக்காது.

உளப்பகுப்பாய்வின் கோட்பாடு நிறுவப்பட்ட விஞ்ஞானம் என்று நான் வாதிடவில்லை. அதன் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றது என்றுமில்லை. சில துயரங்களுக்கு, நடுத்தரமான, மெதுவாக வரும், ஆனால் நிலைக்கக்கூடிய பயன் உண்டு என்று சான்றுகள் சொல்கின்றன. அவ்வளவே. ஆனால் தீர்ப்புச் சொல்லாத ஒருவர் முன்னால், பிழையைப் பிழையாகவே சொல்ல அனுமதிக்கும் ஒழுங்கு ஒன்றை அது நூறு வருடங்களுக்கு மேலாகப் பயின்று வைத்திருக்கிறது. தனிமனிதரைப் போலவே எமது அரசியலும் அந்த ஒழுங்கைக் கற்கவேண்டிய நிலையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தத்தமது முரண்பாடுகளைத் திருத்தாமல் எழுத முன்வருபவர்களோடு இந்த விவாதத்தைத் தொடர விரும்புகிறேன். இத்துறையில் வேலை செய்யும் தமிழ் உளவியலாளர்கள், வைத்தியர்கள், முக்கியமாகச் சிகிச்சை பெற்றவர்கள், நான் எங்கே பிழைவிட்டிருக்கிறேன் என்பதை எழுதவேண்டும்.